அப்பாவின் நுரையீரலில் 7 மி.மீ. புள்ளி: மறுபடியும் சிடி எடுக்கலாமா? புது ஸ்கேன்களில் என்ன மாறியிருக்கிறது?

1. நீலமலர்

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. புகைப்பழக்கம் கிடையாது, வேறு பெரிய நோயும் இல்லை. நான்கு நாள் முன்பு இடுப்பில் சுரீரென்று வலி. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். 4 மி.மீ. கல்தான், மறுநாளே சிறுநீரோடு போய்விட்டது. நிம்மதியாக அறிக்கையைப் படித்துக்கொண்டு வந்தால், கடைசி வரியில் இப்படி இருக்கிறது: வலது நுரையீரலின் அடிப்பகுதியில் 7 மி.மீ. திடமான நோடியூல் (சின்ன முடிச்சு போன்ற புள்ளி), 6 முதல் 12 மாதங்களில் மார்பு சிடி எடுத்து ஒப்பிடவும்.

அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாதம் சும்மா இருக்கச் சொல்வது சரிதானா? இன்னொரு சிடி என்றால் கதிர்வீச்சு கூடுமே, அதற்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? அப்புறம், "ஃபோட்டான் எண்ணும் சிடி" என்று ஒன்று வந்திருக்கிறதாம், அதில் எடுத்தால் இப்போதே இது என்ன என்று தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

2. கன்சோல்அறை

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு அவசர வேலை. நான் சிடி டெக்னீஷியன், 17 வருடமாக இதே வேலை.

உங்கள் கையில் கொடுத்திருக்கும் டிஸ்கில் அநேகமாக 5 மி.மீ. கனமுள்ள படங்கள்தான் இருக்கும். 7 மி.மீ. புள்ளி அதில் ஒன்றிரண்டு படங்களில்தான் தெரியும், அதுவும் ஓரம் மங்கி. அதே ஸ்கேனிலிருந்து 1 மி.மீ. படங்களை உருவாக்க முடியும். ஆனால் அதற்கு வேண்டிய மூலத் தரவு கருவியில் சில நாள்தான் இருக்கும். வட்டு நிறைய நிறைய, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். இன்றே ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய், "நுரையீரல் அடிப்பகுதிக்கு மெல்லிய படங்கள் வேண்டும்" என்று கேளுங்கள். அப்பா மறுபடி படுக்க வேண்டியதில்லை, புதிதாகக் கதிர்வீச்சும் இல்லை. கருவியை இயக்கும் கணினியான கன்சோலில் ஐந்து நிமிட வேலை.

3. நீலமலர்

இது எனக்குத் தெரியவே தெரியாது. இதோ கிளம்புகிறேன்.

4. படம்பார்ப்பவர்

ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவர் என்ற முறையில் மற்றக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன். அப்பாவின் படங்களைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அவருடைய மருத்துவர் சொல்வதே முடிவு.

ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னது அலட்சியம் இல்லை. மார்புப் படங்களைப் படிக்கும் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் 6 முதல் 8 மி.மீ. வரையான ஒற்றைத் திட நோடியூலுக்கு அதுதான் முறை. 6 மி.மீ.க்குக் கீழே, ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு, மறு ஸ்கேனே தேவையில்லை என்கிறார்கள். இந்த அளவில் தெரியும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை பழைய கிருமித்தொற்று ஆறிய தழும்பு, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர்க்கணு, இப்படி ஏதாவதாக இருக்கும்.

ஏன் உடனே எடுக்கக் கூடாது? வளர்கிறதா என்பதுதான் கேள்வி. வளர்ச்சி தெரிய காலம் வேண்டும். திடமான நுரையீரல் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் 100 முதல் 400 நாளுக்குள் கொள்ளளவில் இரண்டு மடங்காகும். இரண்டு மடங்கு என்றதும் 7 மி.மீ. 14 ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கோளத்தின் கொள்ளளவு இரட்டிப்பாக விட்டம் கால் பங்கு கூடினாலே போதும், 7 என்பது 8.8 ஆகும். அடுத்த மாதமே எடுத்தால் அந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். வீணாக இன்னொரு ஸ்கேன், அதே குழப்பம்.

எம்.ஆர்.ஐ. மூளைக்கும் மூட்டுக்கும் அருமையான கருவி. நுரையீரலில் பெரும்பகுதி காற்று. எம்.ஆர்.ஐ. பார்ப்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. காற்று நிறைந்த இடத்தில் சிக்னல் குறைவு, மூச்சின் அசைவு வேறு. 7 மி.மீ. புள்ளியை நம்பிக்கையோடு அளக்க இன்றைக்கும் சிடிதான்.

கன்சோல்அறை சொன்ன மெல்லிய படங்களை நான் இருமுறை வழிமொழிகிறேன். புள்ளிக்குள் கொழுப்பு இருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்போம். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு ஏறக்குறைய கழித்தல் 100, எலும்பு பல நூறுகளில். நோடியூலுக்குள் கொழுப்பின் எண் வந்தால் அது ஹமார்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். முழுவதும் சுண்ணாம்பாக இருந்தால் பழைய தழும்பு. 5 மி.மீ. படத்தில் பக்கத்திலுள்ள காற்றும் கலந்து சராசரியாகிவிடுவதால் இந்த எண்களை நம்ப முடியாது.

இன்னொன்று, மிக முக்கியம்: அப்பாவுக்கு இதற்கு முன் எப்போதாவது சிடி எடுத்ததுண்டா? எந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தாலும் சரி, தேடிப் பாருங்கள்.

5. உப்புக்காற்று

எல்லோரும் சிடியைச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள். ஒரு சிடி என்பது நூற்றுக்கணக்கான எக்ஸ்ரேக்குச் சமம், அதுவே புற்றுநோய் தரும் என்று படித்திருக்கிறேன். என் மகனுக்கு 9 வயதில் விழுந்து அடிபட்டபோது தலைக்கு எடுத்தார்கள். இன்னமும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

6. கன்சோல்அறை

உங்கள் உறுத்தல் புரிகிறது. அளவோடு பார்ப்போம்.

மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் உணவு வழியாகவும் மனிதர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. தலை சிடி ஏறக்குறைய 2. வழக்கமான வயிற்று சிடி 8, 10 என்று போகும். ஆக, வயிற்று சிடி ஒன்று நூறு மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்பது பொய்யில்லை. ஆனால் எல்லா சிடியும் ஒன்றில்லை. குறைந்த அளவுக் கதிர்வீச்சில் எடுக்கும் மார்பு சிடி 1.5 அல்லது அதற்குக் கீழே. நீலமலரின் அப்பாவுக்கு வேண்டியது அதுதான், இரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் சாய மருந்தும் வேண்டாம்.

உங்கள் ஸ்கேனின் அளவை நீங்களே கணக்கிடலாம். டிஸ்கின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டி.எல்.பி. என்று ஓர் எண், அந்த ஸ்கேன் முழுவதற்கும் கருவி கொடுத்த கதிரின் அளவு. பெரியவர்களின் மார்பு என்றால் அதை 0.014ஆல் பெருக்குங்கள், வயிறு என்றால் 0.015ஆல். மார்புக்கு டி.எல்.பி. 400 என்று இருந்தால் 5.6 மில்லிசீவர்ட். 75 என்று இருந்தால் 1தான். தோராயம்தான், ஆனால் ஒப்பிடப் போதும்.

இந்த எண் கருவியை மட்டும் பொறுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரை மேசையில் நாலு விரற்கடை தாழ்வாகப் படுக்க வைத்துவிட்டேன். வளையத்தின் நடுவில் உடல் இல்லாவிட்டால், எவ்வளவு கதிர் அனுப்ப வேண்டும் என்று கருவி போடும் கணக்கே தப்பாகிவிடும். கதிரைச் சீராக்கும் வடிகட்டியும் நடுவை நம்பித்தான் செய்யப்பட்டது. அன்று படம் பொரிபொரியாக இரைச்சலோடு வந்தது, கதிர் அளவும் கூடியிருந்தது. மூத்தவர் ஒருவர் என்னை உட்கார வைத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். அன்றிலிருந்து மேசையின் உயரத்தை இரண்டு முறை பார்க்காமல் பொத்தானைத் தொடமாட்டேன். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கை பக்கத்தில் கிடந்தால் கதிர் அந்த எலும்பையும் ஊடுருவ வேண்டும், கருவி தானாக அளவை ஏற்றும்.

7. படம்பார்ப்பவர்

உப்புக்காற்று, உங்கள் மகன் விஷயம். 2023இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில், 22 வயதுக்கு முன் சிடி எடுத்த ஏறக்குறைய 9.5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. இன்றைய சராசரி அளவில் ஸ்கேன் எடுக்கும் 10,000 பிள்ளைகளில், அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக இரத்தப் புற்று வரலாம் என்பது அதன் கணக்கு. பூஜ்யம் இல்லை, அதனால்தான் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்று நாங்கள் சண்டை போடுகிறோம். ஆனால் தலையில் அடிபட்டு வாந்தியும் மயக்கமுமாக வரும் குழந்தைக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்து, அதை ஒரு மணி நேரம் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த மருத்துவர் எடுத்த முடிவுக்காக நீங்கள் வருந்த வேண்டாம்.

8. கணக்குவாத்தியார்

நான் மருத்துவத் துறை இல்லை, ஆனால் சிடி என்றால் எனக்கு உயிர். அது முழுக்க முழுக்கக் கணக்கு. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, ஒவ்வோர் எண்ணையும் மறைத்துவிட்டு, வரிசைக் கூட்டல், நெடுக்குக் கூட்டல், மூலைக் கூட்டல் மட்டும் கொடுத்து மறைந்த எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வோமே, அதேதான். உடலின் குறுக்கே ஒரு கதிர் போனால் வழியெங்கும் எவ்வளவு தேய்ந்தது என்ற கூட்டல்தான் கிடைக்கும். எல்லாக் கோணத்திலிருந்தும் கூட்டலை எடுத்தால் உள்ளே ஒவ்வோர் இடத்திலும் என்ன இருக்கிறது என்று பிரித்துவிடலாம். இதை 1917இலேயே யோஹான் ராடோன் நிறுவிவிட்டார். ஆலன் கார்மாக் அது தெரியாமல் தானாகவே போட்டு 1963, 64இல் கட்டுரையாக வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ராடோன் ஏற்கெனவே செய்திருந்தது கார்மாக்குக்குத் தெரியவர 14 ஆண்டுகள் ஆயின.

அதே காலத்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர், மருத்துவமே படிக்காதவர், ஒரு பழைய கடைசல் எந்திரத்தின் தண்டவாளத்தில் பொருளை வைத்து காமா கதிரால் 28,000 அளவீடு எடுத்தார். ஒரே படத்துக்கு 9 நாள்! கணினி அதைப் படமாக்க இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். 80க்கு 80 கட்டங்கள் கொண்ட கரடுமுரடான படம், ஆனால் கட்டி தெரிந்தது. 1979இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

9. அலைநீளம்

வாத்தியார் ஐயா அருமையாகச் சொன்னார். நான் கதிர் உணரிகள் பக்கம் வேலை செய்தவன், ஃபோட்டான் எண்ணும் சிடி பற்றிச் சொல்கிறேன்.

ஆரம்பக் கருவிகளில் கம்பிகள் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்றுப் போனால் திரும்பி வர வேண்டும், ஒவ்வோர் அடுக்குக்கும் மூச்சைப் பிடி, விடு, பிடி. கம்பி இல்லாமல் உரசியபடியே மின்சாரம் கடத்தும் வழுக்கு வளையம் வந்ததும் எக்ஸ் கதிர்க் குழாய் நிற்காமல் சுற்ற, மேசை நகர, சுருள் மாதிரி எடுக்கும் சிடி 1989இல் வந்தது. 1998இல் ஒரே சுற்றில் 4 அடுக்கு, 2004இல் 64. 16 செ.மீ. அகலத்தை, அதாவது முழு இதயத்தையும், மேசையே நகராமல் ஒரே சுற்றில் எடுக்கும் கருவியும் அடுத்த சில ஆண்டுகளில் வந்துவிட்டது. கால் விநாடியில் ஒரு சுற்று. ஒரு டன்னுக்கும் மேல் எடை சுழல்கிறது, நினைத்துப் பாருங்கள்.

இதுவரை மாறியதெல்லாம் வேகமும் அகலமும். உணரியின் அடிப்படை மாறவில்லை. வழக்கமான உணரியில் எக்ஸ் கதிர் ஒரு படிகத்தில் விழுந்து ஒளியாகும், ஒளி மின்சாரமாகும், வந்ததையெல்லாம் மொத்தமாகக் கூட்டிக்கொள்ளும். உண்டியலைத் திறக்காமல் தராசில் வைத்துப் பார்ப்பது போல. ஃபோட்டான் என்பது கதிரின் ஒற்றைத் துகள். ஃபோட்டான் எண்ணும் உணரி, உண்டியலைக் கொட்டி ஒவ்வொரு நாணயமாக எடுத்து, இது ஒரு ரூபாய், இது ஐந்து ரூபாய் என்று எண்ணுகிறது. காட்மியம் டெல்லுரைடு போன்ற குறைகடத்தியில் ஃபோட்டான் விழுந்ததும் ஒளி என்ற இடைத்தரகர் இல்லாமல் நேரே மின்துடிப்பாகிறது. துடிப்பின் உயரமே அந்த ஃபோட்டானின் ஆற்றல்.

இதனால் என்ன லாபம்? ஒளி பக்கத்துக் கட்டத்துக்குச் சிதறாமல் இருக்க முன்பு கட்டங்களுக்கு நடுவே தடுப்பு வைக்க வேண்டும், அந்தத் தடுப்பில் விழும் கதிர் வீண். இங்கே தடுப்பு வேண்டாம், கட்டத்தைச் சிறிதாக்கலாம், 0.2 மி.மீ. அளவுக்குக் கூர்மை கிடைக்கும். மின்னணு இரைச்சலை ஒரு வரம்பு வைத்துத் தள்ளிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஆற்றல் வாரியாகப் பிரிப்பதால், இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்பையும் சாய மருந்திலுள்ள அயோடினையும் தனித்தனியாகக் காட்டலாம். மருத்துவமனைப் பயன்பாட்டுக்கான முதல் கருவிக்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது.

குறையும் உண்டு. ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் குவிந்து வந்தால் இரண்டை ஒன்று என்று எண்ணிவிடும். ஒரே ஃபோட்டானின் மின்னூட்டம் இரண்டு கட்டங்களில் பங்காகிவிடும். இவற்றைச் சமாளிப்பதற்கே பல ஆண்டுகள் போயின.

10. நீலமலர்

மெல்லிய படங்கள் கிடைத்துவிட்டன! "நாளைக்கு வந்திருந்தால் அழிந்திருக்கும்" என்றார் அங்கிருந்தவர். கன்சோல்அறை அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அலைநீளம் சொல்வதைப் பார்த்தால், அப்பாவுக்கு அந்தப் புதுக் கருவியிலேயே எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

11. படம்பார்ப்பவர்

வேண்டாம் என்பேன். அலைநீளம் சொன்ன அத்தனையும் உண்மை. அந்தக் கருவியில் ஸ்டென்ட் (குழாய் சுருங்காமல் வைக்கும் உலோக வலை) வைத்த இதயக்குழாயைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பழைய கருவியில் ஸ்டென்ட்டின் உலோகம் பூத்துப் பெருத்து உள்ளே என்ன இருக்கிறது என்பதையே மறைத்துவிடும். புதியதில் கம்பி கம்பியாகத் தெரிந்தது, நடுவில் இரத்தம் ஓடும் பாதையும் தெரிந்தது. உள்காதின் நுண்ணெலும்புகள், நுரையீரல் நார்த்தன்மை நோய், எலும்பு மச்சைப் புற்றின் சின்னச் சின்னத் துளைகள், இவற்றிலெல்லாம் அது கொண்டுவரும் மாற்றம் பெரிது.

ஆனால் உங்கள் அப்பாவின் கேள்வி "இது வளர்கிறதா" என்பது. அதற்கு எவ்வளவு கூர்மையான ஒற்றைப் படமும் பதில் சொல்லாது. இடைவெளி விட்டு வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படம் வேண்டும், முடிந்தவரை ஒரே மாதிரி எடுத்ததாக. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் முன் என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் படம் வந்த பிறகு இவருக்கு நான் வேறு என்ன செய்வேன்? பதில் வராவிட்டால் எழுதமாட்டேன்.

இரட்டை ஆற்றல் சிடி என்று இதற்கு முந்தைய தலைமுறை ஒன்று 2005 வாக்கிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. மூட்டில் படிந்திருப்பது யூரிக் அமிலப் படிகமா என்று நிறம் போட்டுக் காட்டும், கவுட் நோய்க்கு உதவி. சிறுநீரகக் கல் யூரிக் அமிலக் கல்லா கால்சியக் கல்லா என்று பிரிக்கும். யூரிக் அமிலக் கல் என்றால் மருந்தாலேயே கரைக்கப் பார்க்கலாம், அங்கே சிகிச்சையே மாறுகிறது. அப்பாவுக்குக் கல் திரும்பத் திரும்ப வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

12. மூன்றாம்படி

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். சிடி பற்றிப் பேசும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடம் முன்பு, காலை ஆறு மணி. அம்மா எழுந்து தலை வார சீப்பை எடுத்தார், கை தூக்கவில்லை. சீப்பு விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். என் பெயரைச் சொல்ல முயன்றார், "ங, ங" என்றுதான் வந்தது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர். மருத்துவமனையில் முதலில் தலைக்கு சிடி எடுத்துவிட்டு, "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். என் அண்ணன் கத்தினார், "ஒன்றும் இல்லை என்றால் ஏன் பேச்சு வரவில்லை?" எனக்கும் அதே கோபம்.

அப்புறம் கையில் ஊசி போட்டு, சாயம் ஏற்றி, மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு டாக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். இடது பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய், கிளை முறிந்த மரம் மாதிரி, பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் நிறம் நிறமாய் இன்னொரு படம். "இந்தச் சின்ன இடம் போய்விட்டது. சுற்றியுள்ள இந்தப் பெரிய இடம் இன்னும் உயிரோடு தவிக்கிறது, அதைக் காப்பாற்றலாம்" என்றார். தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். இன்று அம்மா பேசுகிறார். அவசரப்பட்டால் மட்டும் வார்த்தை கொஞ்சம் தடுக்கும்.

அந்த முதல் ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

13. படம்பார்ப்பவர்

அம்மா பேசுகிறார் என்பதைப் படிக்க மனது நிறைந்தது.

அந்த முதல் ஸ்கேன் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பக்கவாதம் இரண்டு வகை, இரத்தக்கசிவு ஒன்று, அடைப்பு ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. கசிந்த இரத்தம் சிடியில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் பாதித்த மூளையோ முதல் சில மணி நேரம் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். ஆகவே "ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கு அங்கே பொருள், "இரத்தக்கசிவு இல்லை, அடைப்பைச் சரிசெய்யும் வழியில் போகலாம்". அதை வீட்டாருக்குப் புரியும்படி சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துத் தவறுதான்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். அம்மா எப்போது பாதிக்கப்பட்டார் என்றே தெரியாது, கடைசியாக நன்றாக இருந்தது இரவு பத்து மணி. முன்பென்றால் கையை விரித்திருப்போம். 2015இல் வந்த ஆய்வுகள், பெரிய குழாயின் அடைப்பைக் கம்பி வழியாக எடுப்பது பலன் தருகிறது என்று உறுதி செய்தன. 2018இல் வெளியான டான் ஆய்வு, 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை கடந்தவர்களிலும், மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பதைப் படம் மூலம் காட்ட முடிந்தால் அடைப்பை எடுக்கலாம் என்று காட்டியது. 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காடு, மற்றவர்களில் 13. உங்கள் டாக்டர் காட்டிய அந்த நிறப்படம்தான் இரத்த ஓட்டத்தை அளக்கும் சிடி பெர்ஃப்யூஷன். கடிகாரத்தை நம்பி முடிவெடுத்த காலம் போய், அந்த மூளையையே பார்த்து முடிவெடுக்கிறோம். என் தொழில் வாழ்க்கையில் கண்ட மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஃபோட்டான் எண்ணுவதை இல்லை.

14. உப்புக்காற்று

அப்படியென்றால் எல்லோரும் வருடம் ஒருமுறை முழு உடல் சிடி எடுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிடலாமே? அப்படித் திட்டங்களும் இருக்கின்றன.

15. படம்பார்ப்பவர்

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வேண்டாம். காரணத்தை இந்த இழையின் முதல் பதிவிலேயே பாருங்கள். கல்லைத் தேடப் போய் ஒரு புள்ளி கிடைத்தது, ஒரு குடும்பத்தின் தூக்கம் போனது. முழு உடலையும் எடுத்தால் கல்லீரலில் ஒன்று, அட்ரீனலில் ஒன்று, தைராய்டில் ஒன்று என்று வரும். ஒவ்வொன்றுக்கும் மறு ஸ்கேன், சிலவற்றுக்கு ஊசி குத்தல்.

அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடிச் சலித்துப் பார்க்கும் சிடிக்கு உறுதியான ஆதாரம் இருக்கும் இடம், கடுமையாகப் புகைத்தவர்களின் நுரையீரல். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு: 53,454 பேர், 55 முதல் 74 வயது. குறைந்த அளவு சிடி எடுத்த பிரிவில் நுரையீரல் புற்று மரணம் 20 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில், சந்தேகம் என்று குறித்த சிடி முடிவுகளில் 96 விழுக்காட்டுக்கு மேல் கடைசியில் புற்று இல்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களிடமே இப்படி என்றால், மற்றவர்களிடம் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

16. உப்புக்காற்று

சரி, இதை ஏற்கிறேன். நெஞ்சுவலிக்கு சிடி எடுப்பது? என் அக்காவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

17. படம்பார்ப்பவர்

அது நல்ல இடம். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதயக்குழாய் சிடியும் எடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் இதய மரணமோ மாரடைப்போ வந்தது 2.3 விழுக்காடு, எடுக்காதவர்களில் 3.9. சிடி யாரையும் குணப்படுத்தவில்லை. குழாய்ச் சுவரில் படிவு இருப்பது தெரிந்ததால் சரியானவர்களுக்குச் சரியான மருந்து தொடங்கினார்கள். அக்காவிடம், சிறுநீரகச் செயல்பாடு பற்றியும் முன்பு சாய மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

18. கன்சோல்அறை

கூடவே இதையும் சொல்லுங்கள்: சாயம் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். போயிருக்காது. முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் பதறி அசைந்துவிடுகிறார்கள், படம் கெட்டுவிடுகிறது. நான் ஒவ்வொருவரிடமும் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவேன். ஊசி போட்ட இடத்தில் வலித்தால் மட்டும் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

19. அலைநீளம்

செயற்கை நுண்ணறிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. கதிர்வீச்சைக் குறைத்தால் படத்தில் பொரிபொரியாக இரைச்சல் வரும். முன்பு அதைக் குறைக்க வழி, கதிரைக் கூட்டுவது. 2019 முதல், பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்புகளே படத்தை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. குறைந்த கதிரில் தெளிந்த படம். எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு: இரைச்சலை மெழுகிவிடும்போது, கல்லீரலில் லேசாக நிறம் மாறிய சின்னப் புள்ளியும் சேர்ந்து மெழுகப்படலாம். படம் அழகாக இருப்பதும், அதில் உண்மை முழுதும் இருப்பதும் வேறு வேறு.

20. படம்பார்ப்பவர்

அதே கவலை எனக்கும். சந்தேகம் வந்தால் பழைய முறையில் மீட்டெடுத்த படத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

21. நீலமலர்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். படம்பார்ப்பவர் ஐயா கேட்டாரே, பழைய ஸ்கேன் உண்டா என்று. இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பதறவே இல்லை. "இதே கல் வலி நாலு வருஷம் முன்னாடி வெளியூரில் வேலையாக இருந்தபோது வந்ததே, அப்போதும் இந்தக் குகைக்குள் படுத்தேனே" என்றார். பெட்டிக்கடியில் மடித்து வைத்திருந்த காகித உறைக்குள் டிஸ்க் இருந்தது. அந்த அறிக்கையில் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டு டிஸ்கையும் நாளைக்கு டாக்டரிடம் கொண்டுபோகிறோம்.

22. கணக்குவாத்தியார்

போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது 400 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கட்டி என்றே வைத்துக்கொள்வோம், அதாவது மெதுவாக வளரும் வகை. நாலு வருடம் என்பது 1,461 நாள், 3.65 இரட்டிப்பு. கொள்ளளவில் 12 மடங்குக்கு மேல், விட்டத்தில் 2.3 மடங்கு. ஆக இன்று 7 மி.மீ. என்றால் அன்று 3 மி.மீ. இருந்திருக்கும். 5 மி.மீ. கனப் படத்தில் அது தெரிவதே கடினம். பழைய டிஸ்கில் புள்ளி நன்றாகத் தெரிந்தால், அதுவே நல்ல சேதி.

23. படம்பார்ப்பவர்

கணக்கு சரி. ஒரு திருத்தம், இது திடமான நோடியூலுக்கு மட்டும் பொருந்தும். மூடுபனி போல மங்கலாகத் தெரியும் வகை இன்னும் மெதுவாக வளரும், அதற்கு ஐந்து வருடம் வரைகூடப் பார்ப்போம். அப்பாவுடையது திடமானது என்று அறிக்கை சொல்கிறது.

24. நீலமலர்

பார்த்துவிட்டோம். டாக்டர் புதிய ஸ்கேனை வேண்டுமென்றே 5 மி.மீ. கனத்தில் ஒரு பக்கமும், பழையதை மறுபக்கமும் போட்டு, இரண்டையும் சேர்த்தே நகர்த்தினார். கல்லீரலின் மேல்வளைவு வந்தது, அதற்குச் சற்று மேலே, அதே இடத்தில், அதே அளவில், இரண்டிலும் புள்ளி. அன்றும் 7. மெல்லிய படங்களில் நடுவில் துளி சுண்ணாம்பும் தெரிகிறது என்றார். பழைய தழும்புதான், இதற்காக இனி ஸ்கேன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்பா எழுந்து போய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு மிக அருகில் நின்று அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, டிஸ்க் இரண்டையும் தன்னிடமே கொடுக்கச் சொல்லி வாங்கி, ஒரே உறையில் போட்டு, மேலே தேதிகளை எழுதினார்.

25. கன்சோல்அறை

அந்த உறைக்குள் மெல்லிய படங்களின் டிஸ்கையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், சகோதரி.